சாகுல் அமீது வழக்கில் நான் கூப்பிட்ட பெயர்கள்

கோர்ட் டவாலியின் வேலை வாசலில் நின்று பெயர் கூப்பிடுவது. மூன்று தடவை கூப்பிட்டும் வராவிட்டால் 'ஆள் இல்லை' என்று உள்ளே போய்ச் சொல்வது. வாய்தாவுக்கு வாய்தா வேப்பமரத்தடியில் கால் கடுக்க நின்ற உங்களுக்கு என் குரல் நினைவிருக்கலாம். முகம் நினைவிருக்காது. நான் கூச்சப்பட்டவன். கல்யாண வீட்டுப் பந்தியில் இன்னும் ஒரு கரண்டி ரசம் கேட்க எனக்கு வாய் வராது. தோளில் பட்டையும் வில்லையும் ஏறினால்தான் சத்தம் வரும்.

முதல் வாய்தாவில் ஆஜரானவர்கள்

மாஜிஸ்திரேட் ஒருவர், பெஞ்சு கிளார்க் ஒருவர், வக்கீல்கள் இரண்டு பேர், இன்ஸ்பெக்டர் ஒருவர், கான்ஸ்டபிள்கள் இரண்டு பேர், குற்றவாளிக் கூண்டில் மூன்று பேர், சாட்சிகள் பதினோரு பேர், செத்தவருடைய தாயார் மீரா பீவி, நான். மொத்தம் இருபத்து மூன்று.

அறுபதுகளின் தொடக்கம். ஒரு தேர்தல் முடிந்து, குற்றாலத்தில் சாரல் கட்டியிருந்த சமயம். கடையநல்லூரில் தறி நெய்தவர் சாகுல் அமீது. தேர்தலில் தோற்ற கட்சிக்காகத் தெருத் தெருவாக ஓட்டுக் கேட்டவர். அருவிக்குக் கீழே பாறை இடுக்கில் பிணமாகக் கிடந்தார். ஜெயித்த கட்சிக்காரர்கள் மூன்று பேர் அடித்துத் தள்ளினார்கள் என்று வழக்கு. அந்த மூன்று பேரும், வழுக்கி விழுந்தார் என்றார்கள். சொந்தக் கட்சிக்குள்ளேயே பகை என்று ஊருக்குள் இன்னொரு பேச்சும் இருந்தது.

பதினோரு பேரில் ஒருவராவது பார்த்ததைப் பார்த்தபடி சொன்னால் வழக்கு கொலை விசாரணைக்குத் திருநெல்வேலி செஷன்ஸுக்குப் போகும். இல்லாவிட்டால் இங்கேயே முடிந்து, அவர் வழுக்கி விழுந்தவர் ஆகிவிடுவார். மீரா பீவி மரத்தடியில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "இம்புட்டுப் பேரு வந்திருக்காங்கள்லா அண்ணாச்சி. ஒருத்தனாச்சும் சொல்லிப்புட மாட்டானா?"

நாலு பெயர்

அரபுப் பெயர் இங்கிலீஷுக்குப் போய், அங்கிருந்து தமிழுக்குத் திரும்பி என் சீட்டுக்கு வருவதற்குள் உருமாறிவிடும். சீட்டில் உள்ளபடிதான் கூப்பிட வேண்டும். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் ஒரு எழுத்து இடறினால் அன்று எனக்குச் சோறு இறங்காது.

செத்தவர் பெயர் போலீஸ் தாளில் சாகுல் அமீது. ஆஸ்பத்திரித் தாளில் ஷாஹூல் ஹமீத். வாக்காளர் பட்டியலில் சாவுல் கமீது. கட்சி நோட்டீசில் தியாகி ஷாகுல் ஹமீது. எதிர்த்தரப்பு வக்கீல் நாலையும் வரிசையாக வாசித்து, இறந்தவர் இவர்களில் யார் என்று கேட்டார். நாலுக்கும் நாலு விலாசமா என்றும் கேட்டார். அரை மணி நேரம் இதே பேச்சு. கடைசியில் மாஜிஸ்திரேட் வாசலில் நின்ற தாயாரைப் பார்த்து, எது சரி என்றார்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுய்யா. சாவ்லுன்னு கூப்பிட்டா வருவான். நீங்க நாலு பேரு எழுதி வச்சிருக்கீக. நான் ஒருத்தனத்தான் பெத்தேன், ஒருத்தனத்தான் அடக்கக் குடுத்தேன்."

கடல் தாண்டி

இரண்டாவது வாய்தாவில் மூன்று பேர் வரவில்லை. மூன்றாவதில் இன்னும் இரண்டு பேர். விசாரித்தால், இரண்டு பேர் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டார்கள், ஒருவர் புனலூரில், மற்ற இருவர் எங்கே என்று அவரவர் பெண்டாட்டிக்கே தெரியாதாம். வாரண்டு போன வேகத்தில் திரும்பி வந்தது. அந்த ஐந்து பெயரையும் வாய்தாவுக்கு வாய்தா நான் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். சட்டம் அப்படி.

ஒருநாள் கொழும்புக்குப் போனவரின் அண்ணன் மரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நான் மூன்றாவது தடவை கூப்பிட்டு முடித்ததும் எச்சிலைத் துப்பிவிட்டுச் சொன்னார். "இன்னுங் கொஞ்சம் எக்கிக் கூப்பிடும் அண்ணாச்சி. அங்கன கொழும்புல கேக்க வேண்டாமா?" மரத்தடியே சிரித்தது. மீரா பீவியும் அங்கேதான் நின்றார்.

டாக்டர்

டாக்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார். காயத்தின் நீளம், ஆழம் எல்லாம் பிசகில்லாமல் சொன்னார். தடியால் அடித்தால் இப்படிக் காயம் வருமா என்று சர்க்கார் வக்கீல் கேட்டார். வரும் என்றார். பாறையில் விழுந்தால் வருமா என்று மற்றவர் கேட்டார். அதற்கும் வரும் என்றார். இரண்டையும் எழுதிக்கொண்டார்கள். டாக்டரின் கார் போன பிறகு பெஞ்சு கிளார்க் பேனாவை மூடிக்கொண்டே என்னிடம் சொன்னார். "பாத்தீரா வே, நெசத்தைச் சொன்னது இவரு ஒருத்தருதான். அதையும் ரெண்டு கட்சிக்கும் சரிபாதியாப் பங்கு வச்சுட்டாரு."

முதுகு

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆறுமுகம்தான் பெரிய சாட்சி. சம்பவத்தன்று காலையில் அந்த மூன்று பேருக்கும் எண்ணெய் தேய்த்தது அவர், சத்தம் கேட்டுப் பாறைப் பக்கம் முதலில் ஓடியதும் அவர் என்று போலீஸ் எழுதியிருந்தது. ஆனால் அன்று கோர்ட் வாசலில் ஜெயித்த கட்சியின் கார் வந்து நின்றது. கொடியைச் சுற்றி வைத்திருந்தார்கள். ஆறுமுகம் அதை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

கூண்டில் நிற்பவர்களை அடையாளம் தெரிகிறதா என்று கேட்டார்கள். "எசமான், என் தொழிலுக்கு முதுகுதான் பழக்கம். மூஞ்சியக் கண்டா வெளங்காது" என்றார். சர்க்கார் வக்கீலுக்குக் கோபம் வந்து, மூன்று பேரையும் திரும்பி நிற்கச் சொன்னார். திரும்பினார்கள். ஆறுமுகம் மூன்று முதுகையும் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். வெளியே மீரா பீவி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஆறுமுகம் கையைக் கட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னார். "சட்டை போட்டிருக்காகளே எசமான்."

கடைசிச் சாட்சி

அதே வாய்தாவில் இன்னும் மூன்று பேர் ஏறி, மழைமூட்டம், ஒன்றும் தெரியவில்லை என்று ஒரே மாதிரி சொல்லி இறங்கினார்கள். மிச்சம் ஒருவர். செத்தவருடைய கூட்டாளி, பக்கத்துத் தறிக்காரர், அன்று அவரோடு ஒரே பஸ்ஸில் குற்றாலத்துக்குப் போனவர். அவர் முறை வந்த காலையில் எதிர்த்தரப்பு வக்கீலின் குமாஸ்தா என் பக்கத்தில் வந்து, "தொண்டைய ரொம்பப் போட்டு வருத்தாதீரும், மெதுவாக் கூப்பிட்டாப் போதும்" என்றார். நான் வழக்கத்தைவிட உரக்கவே கூப்பிட்டேன்.

சீட்டில் 'முகையதீன் பிச்சை' என்று இருந்தது. அப்படியே கூப்பிட்டேன். அவர் என் தோளை ஒட்டித்தான் நின்றார். அசையவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டேன். வெற்று முகத்தோடு தெருவைப் பார்த்தார். மூன்றாவது தடவையும் கூப்பிட்ட பிறகு, "அது எம் பேரு இல்ல அண்ணாச்சி. நான் மைதீன் பிச்சை" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. மீரா பீவிக்கும் கேட்டுவிட்டது.

அவர்கள் வழக்கத்தில் பிறந்த குழந்தைக்குப் பாங்கு சொல்லி, பெயரைக் காதில் மூன்று தடவை கூப்பிடுவார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த அம்மா அவரை மெல்ல ஏறிட்டுப் பார்த்துச் சொன்னார். "ஏலே மைதீனு, ஒனக்குப் பேரு வைக்கையில ஒங் காதுல மூணு தடவ கூப்பிட்டது எங்க வீட்டு ஆளுதாம்லே. அன்னைக்கு நீ பச்சப்புள்ள, பதில் சொல்லல. இன்னைக்கு என்னலே வந்துச்சு?"

மகன் பெயர்

மைதீன் பிச்சை சாட்சிக் கூண்டில் ஏறத்தான் செய்தார். ஏறி, அன்றைக்குத் தான் குற்றாலத்துக்கே போகவில்லை என்றார். அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. போதிய சாட்சியம் இல்லையென்று மூன்று பேரையும் விட்டுவிட்டார்கள். வாசலில் வெடி போட்டார்கள். காரில் கொடியைப் பிரித்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மரத்தடி காலியானது.

மீரா பீவி மட்டும் போகவில்லை. "எல்லாரையும் கூப்பிட்டீக. எம் மவனை மட்டும் ஒரு நாளும் கூப்பிடல. அவனையும் கூப்பிடுங்க" என்றார். சீட்டில் இல்லாத பெயரை நான் அதுவரை கூப்பிட்டதில்லை. உள்ளே திரும்பிப் பார்த்தேன். பெஞ்சு கிளார்க் என்னைப் பார்த்துவிட்டு, வழக்குக் கட்டின் முடிச்சை இறுக்குகிறவர் போலக் குனிந்துகொண்டார். தாள்களில் இருந்த நாலு பெயரில் ஒன்றும் எனக்கு வாயில் வரவில்லை. "கடையநல்லூர் சாவ்லு" என்று கூப்பிட்டேன், மூன்று தடவை, சாட்சிகளைக் கூப்பிடுகிற அதே சத்தத்தில். பழக்கதோஷம், 'ஆள் இல்லை' என்று சொல்ல உள்ளே திரும்பிவிட்டேன், பிறகு நின்றேன்.

முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு அவர் சொன்னார். "வர மாட்டான்னு தெரியும் அண்ணாச்சி. கூப்பிட ஆளில்லாம வராமப் போனான்னு இருக்கப்படாதுல்லா."

ஆக, அந்த வழக்கில் நான் கூப்பிட்டது பன்னிரண்டு பேரை: வராதவர் ஆறு, வந்தும் பார்க்காதவர் ஐந்து, இரண்டு பக்கமும் பேசியவர் ஒன்று, எல்லாம் கழித்தால் மீதி நின்றது, என் சீட்டில் பெயர் ஏறாமலே எல்லா வாய்தாவுக்கும் தவறாமல் ஆஜரான ஒரே ஒருத்தி.