கண்ணாடிக்கு முன்னால் ஒரு முழம்

நான் மேற்பார்வை பார்க்கும் பீங்கான் பட்டறையின் தண்ணீர்த் தொட்டி மேல் சின்னக் கண்ணாடி ஒன்றை வைத்துக்கொள்ளட்டுமா என்று மகள் கேட்டாள். சரி என்றேன். சென்னையில் மேற்படிப்பு படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். செயற்கைக்கோளுக்கு லேசரில் தகவல் அனுப்பும்போதே, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றும் அதே ஒளியால் அளப்பது அவள் ஆய்வு. இங்கே செயற்கைக்கோளுக்குப் பதில் அந்தக் கண்ணாடி. எங்கள் மொட்டைமாடியிலிருந்து போகும் ஒளி அதில் பட்டுத் திரும்பி வரும்.

"கண்ணுக்குத் தெரியாத ஒளிப்பா. சாயந்திரம் யாரும் அதுகிட்ட போவக் கூடாது."

யாரும் போகக் கூடாது என்றதுதான் என்னைக் குடைந்தது. மாடியில் லேப்டாப்பைப் பார்த்துத் தனியாகச் சிரிக்கிறாள்.

"அந்தப் பக்கம் ஆளில்லாமயா தகவல் அனுப்புவாங்க?" என்றேன் மனைவியிடம்.

"ஆமா, கண்ணாடியக் கட்டிக்கிட்டு ஓடிடப் போறா. டீ ஆறுது, குடிங்க."

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம், ஆட்கள் போன பிறகு தொட்டிக்கு ஏறினேன். யாரும் இல்லை. அப்போதும் மனம் ஒப்பவில்லை. அந்தக் கண்ணாடிக்குள் ஏதாவது ஒளித்து வைத்திருப்பார்களோ? சூளைக்காரர்களான எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: துவாரத்தில் ஒற்றைக் கண்ணை வைத்து நெருப்பின் நிறத்தைப் பார்ப்போம். அதேபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பக்கவாட்டிலிருந்து தலையை நீட்டினேன்.

செல்போன் அடித்தது.

"அப்பா, பட்டறையில யாரு இருக்காங்க? யாரோ கண்ணாடிக்கு முன்னாடி வந்துட்டாங்க."

போனைக் காதில் வைத்தபடியே தொட்டியிலிருந்து இறங்கத் தொடங்கினேன்.

"நீங்களா?"

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "தகவல் பாதியில அறுந்துது. தூரமும் ஒரு முழம் கொறஞ்சு காட்டுச்சு. காக்கான்னா பறந்திருக்கும். இது நவுரல. ஒடனே அணைச்சிட்டேன்."

லேசர் கண்ணைக் கெடுத்திருக்குமோ என்று என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் விளக்கைப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். ஒன்றுமில்லை என்றார். ஆனாலும் காலையில் எழுந்ததும் ஒவ்வொரு கண்ணாக மூடி, சுவரிலுள்ள காலண்டரைப் படித்துப் பார்க்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தவள் கேட்டாள்: "யாரு இருப்பாங்கன்னு பாக்கப் போனீங்க?"

ரயில்வே கேட் மூடியிருந்தது. நான் ரயில் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது லேசரைப் போடுவதற்கு முன்னால் எனக்கு போன் செய்கிறாள். "எங்கப்பா இருக்கீங்க?"

"வூட்லதாம்மா. கீழ, ஹால்ல."

சரி என்று வைத்துவிடுவாள். பிறகு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும். பாதிப்படி இறங்கி வந்து, குனிந்து, நான் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போகிறாள்.