பேஸ் கித்தாருக்குக் காயில் கட்டினேன்

தென்காசியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். பம்பு மோட்டார், மின்விசிறி, மிக்சி எது கருகி வந்தாலும் பழைய செம்புக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அப்போது பிடித்த கம்பியை இன்னும் விடவில்லை. கல்யாண நாட்களில் மட்டும் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு மெல்லிசைக் குழுவில் பேஸ் கித்தார் வாசிக்கப் போவேன்.

நான் கூச்சக்காரன். பந்தியில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்கக்கூட வாய் வராது. எனக்குத் தகுந்த வாத்தியம், பாட்டுக்கு அடியில் கனமாக ஓடும் பேஸ்தான். டிரம்ஸுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நிற்கலாம், யாரும் நம்மைப் பார்க்க மாட்டார்கள். ஆனால் நான் கையை எடுத்தால் பாட்டு அந்தரத்தில் தொங்கும். அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பழைய சினிமாப் பாட்டுகளில் வரும் பேஸ் சத்தம் உருண்டையாக இருக்கும். டீக்கடை ஸ்பீக்கரில் கேட்டாலும் வயிற்றில் வந்து உட்காரும். அந்தக் காலத்துக் கித்தார் அசலாக வேண்டுமென்றால் ஒரு டிராக்டர் வாங்குகிற காசு வேண்டும். அதே வடிவத்தில், அதே நிறத்தில், என் கைக்கு எட்டுகிற விலையில் ஒரு நகல் வருவதாகத் தெரிந்ததும் ஆன்லைனில் சொல்லி வாங்கிவிட்டேன். பார்சலைப் பிரித்தபோது நடுவில் மஞ்சளும் ஓரத்தில் கறுப்புமாக மின்னியது. அன்று கடைக்குப் போகவே மனசில்லை.

மாட்டி வாசித்தேன். கண்ணுக்கு அசல், காதுக்குத் தகரம்.

சரி, நாமே பார்ப்போம் என்று இறங்கினேன். முதலில் தந்திகளை மாற்றி வழவழப்பானவற்றைப் போட்டேன். பழைய கித்தார்களில் தந்திகளின் அடியில் ஒரு பஞ்சுத் துண்டு வைத்திருப்பார்களாம். அதனால்தான் சத்தம் நீளாமல் திண்ணென்று விழும் என்று ஒரு வீடியோவில் காட்டினார்கள். உடனே அடுப்படிக்குப் போனேன்.

மறுநாள் காலையில் மனைவி பாத்திரங்களுக்கு நடுவில் நின்று சத்தம் போட்டாள்.

"ஏங்க, பாத்திரம் தேய்க்கிற பஞ்சுல பாதியக் காங்கல. எலி தின்னுட்டா?"

"கித்தாருக்கு வச்சிருக்கேன்."

"அதுக்கு என்ன, கரி பிடிச்சிருக்கா?"

பஞ்சு வைத்தும் தகரச் சத்தம் முழுசாகப் போகவில்லை. தந்திகளின் அடியில் பிக்கப் என்று ஒன்று உண்டு. தந்தி அதிர்வதை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதுதான். என் கித்தாரில் அது இரண்டு துண்டாக இருக்கும். தடித்த தந்திகளுக்கு ஒன்று, மெல்லிய தந்திகளுக்கு ஒன்று. மூடியைக் கழற்றிப் பார்த்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே இருந்தது காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பியும். காயில்! இவ்வளவு நாள் நான் தோளில் மாட்டிக்கொண்டு நின்றது என் தொழிலைத்தான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பழைய கம்பியில் கத்தரியை வைக்கும் முன்னால், எந்த முனை எந்த முனையோடு சேர்ந்திருக்கிறது என்று நோட்டில் படம் போட்டுக்கொள்ள வேண்டும். எழுத்து அதிகம் வராத நான் கோடும் வட்டமுமாகப் போட்டு வைத்த நோட்டுகள் கடையில் அடுக்காக இருக்கின்றன. அன்று மட்டும் படம் போடவில்லை. சந்தோஷத்தில் வெட்டிவிட்டேன்.

திருநெல்வேலியிலிருந்து தலைமுடியைவிட மெல்லிய கம்பி வாங்கி வந்தேன். மூன்று மத்தியானங்கள், மூச்சை அடக்கிக்கொண்டு, துண்டுக்குப் பத்தாயிரம் சுற்று. ஒரு தடவை தும்மினேன், கம்பி அறுந்தது, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். எல்லாம் முடித்துக் கடையிலேயே சின்ன ஸ்பீக்கரில் வாசித்துப் பார்த்தேன். அந்தச் சத்தம்! உருண்டை உருண்டையாக வந்தது. மேஜைமேல் கிடந்த திருகாணிகள் ஆடின. சாப்பிட வீட்டுக்குப் போகாமல் சாயங்காலம்வரை வாசித்தேன்.

அந்த வாரமே குற்றாலத்தில் ஒரு விடுதியில் கச்சேரி. சீசன் கூட்டம், அருவியில் குளித்து ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் வயரைச் செருகினேன். மேடையிலிருந்த அத்தனை ஸ்பீக்கர் பெட்டியும் ஒரே குரலில் "ம்ம்ம்ம்" என்று உறுமின. நான் தந்தியைத் தொடவேயில்லை.

எங்கள் பாடகரும் குழுத் தலைவருமான அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார்.

"என்ன வே, மாவாட்டுதீரா?"

முன்வரிசையில் சிரித்தார்கள். வாசித்தால் சத்தம் நன்றாகத்தான் இருந்தது, நிறுத்தினால் உறுமல். இரண்டாவது பாட்டிலேயே என் வயரைப் பிடுங்கிவிட்டார்கள். கீபோர்டு வாசிக்கும் பள்ளிக்கூடத்து சார் இடது கையால் பேஸையும் சேர்த்து வாசித்து முடித்தார். நான் வயர் இல்லாத கித்தாரோடு கடைசிவரை நின்றேன்.

வேனில் ஏறும்போது அண்ணாச்சி தணிந்த குரலில் சொன்னார். "ஞாயித்துக்கிழம செங்கோட்டைல ரிசப்ஷன். அங்கயும் இப்படின்னா கோவிச்சுக்கிடாதீரும். இனி சாரே ரெண்டையும் பாத்துக்கிடட்டும்."

அவர் மேல் தப்பில்லை. ஆனால் எனக்கு அந்த மூலையை விட்டால் வேறு மேடை கிடையாது.

ஏன் கடையில் உறுமல் கேட்கவில்லை? அதற்கு விடை அன்றே தெரிந்தது. எங்கள் கடையில் எந்த நேரமும் சோதனைக்கு ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். எத்தனையோ வருஷமாக உறுமலுக்குள்ளேயே இருப்பவனுக்கு இன்னொரு உறுமல் எங்கே கேட்கும்? ஆனால் எங்கிருந்து வருகிறது என்பதுதான் பிடிபடவில்லை. வயரை மாற்றினேன், எர்த் பார்த்தேன். புதன் போயிற்று, வியாழன் போயிற்று.

வெள்ளிக்கிழமை சுரண்டையிலிருந்து ஒரு விவசாயி பம்பு மோட்டாரை ஆட்டோவில் கொண்டு வந்தார்.

"வேற எடத்துல கட்டுனது அண்ணே. சுவிட்சப் போட்டா எருமை கணக்கா உறுமுது, சுத்த மாட்டேங்கு."

திறந்து பார்த்தேன். ஒரு காயிலின் முடிவை அடுத்த காயிலின் ஆரம்பத்தோடு சேர்த்திருந்தார்கள். இந்த மோட்டாரில் முடிவோடு முடிவைச் சேர்க்க வேண்டும். அப்போதுதான் பக்கத்துப் பக்கத்துக் காயில்கள் எதிரெதிராக வேலை செய்யும். கையில் அதைப் பிடித்தபடியே எனக்குக் கித்தார் நினைவு வந்தது. அதிலும் இரண்டு காயில். அவை எதிரெதிராக இருந்தால் சுற்றிலும் ஓடும் கரண்டிலிருந்து ஒன்றில் ஏறும் உறுமலை மற்றது அழித்துவிடும். நானோ ஒன்றின் முடிவை மற்றதன் ஆரம்பத்தோடு சேர்த்து உறுமலை இரட்டிப்பாக்கி வைத்திருக்கிறேன்!

சத்தமாகச் சிரித்துவிட்டேன். வந்தவர் பயந்துபோனார்.

"என்னண்ணே சிரிக்கிய? மோட்டாரு அவ்வளவுதானா?"

"இல்ல, சின்ன வேலதான். எங்கிட்டயும் ஒண்ணு இதே மாதிரி கெடக்கு."

அவருடைய மோட்டாரைச் சரிசெய்து அனுப்பிவிட்டுக் கித்தாரைத் திறந்தேன். இரண்டு பற்றவைப்பு, ஐந்து நிமிஷ வேலை. இந்தத் தடவை கடையில் சோதிக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் விசிறி, டிவி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஸ்பீக்கரை முழுசாகத் திருகி வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை.

மனைவி எட்டிப் பார்த்தாள். "கரண்டு போயிட்டா?"

நான் தடித்த தந்தியை ஒரு தட்டுத் தட்டினேன். அலமாரியில் இருந்த தட்டுகள் எல்லாம் கலகலவென்றன. "எம்மா!" என்று அவள் காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "இன்னொரு மட்டம் அடிங்க" என்றாள்.

வீடு வேறு, மேடை வேறு. செங்கோட்டை மண்டபத்தில் வாசல் முழுக்க சீரியல் லைட், பின்னால் ஜெனரேட்டர். வயரைச் செருகினேன். சவுண்டுக்காரர் என் சத்தத்தை ஏற்றினார். அண்ணாச்சி தலையைச் சாய்த்துக் கேட்டார். உறுமல் இல்லை. சாரின் இடது கை கீபோர்டில் பேஸ் கட்டைகளின் மேல் தயாராக இருந்தது.

பாட்டு தொடங்கியது. நானும் வாசித்தேன், சாரும் வாசித்தார். பல்லவி முடிந்து வயலின் வரும் இடத்தில் அண்ணாச்சி மைக்கைத் தள்ளிப் பிடித்தார்.

"சார், இடது கைய எடுங்க. அவரு மட்டும் வாசிக்கட்டும்."

சார் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அடியில் நான் மட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் மேடைப் பலகை காலின் கீழ் அதிர்ந்தது. குழந்தைகள் நாற்காலியை விட்டு எழுந்து ஆட ஆரம்பித்தார்கள்.

பாட்டு முடிந்ததும் அண்ணாச்சி என்னிடம் வந்தார். "அடுத்த பாட்டு நீரே ஆரம்பியும். மொத நாலு சுத்து ஒத்தையில. முன்னால வந்து நில்லும் வே, கடிக்க மாட்டாவ."

இரண்டு அடி முன்னால் போனேன். மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. கொஞ்சம் வேகமாகவே ஆரம்பித்துவிட்டேன். டிரம்ஸ்காரர் பின்னாலேயே ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.