வெள்ளானூர் சாலையில் நின்ற ஜீப்

அழுகத் தொடங்கிய வெங்காயத்தோடு கந்தகத்தைச் சேர்த்து வெயிலில் வைத்தது போல இருக்கும் கியர் ஆயிலின் வாசனை. என் சிறுவயதில் அது மருத்துவமனைப் பினாயில் வாசனையோடு கலந்து அம்மாவின் வெள்ளைப் புடவையிலிருந்து வரும். அம்மா பிலோமினா ஒரு நர்ஸ். எங்கள் வீடு ஆவடியில் இருந்தது; வெள்ளானூர்ப் பக்கம் கன்னியர்கள் நடத்திவந்த ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை. அங்கே வரும் நோயாளிகளைவிட, வர முடியாமல் வீட்டிலேயே கிடப்பவர்கள் அதிகம் என்பதால், அம்மாவின் பாதி நாள் ஏரிக்கரைகளிலும் செங்கல் சூளைகளை ஒட்டிய வண்டித்தடங்களிலும்தான் கழிந்தது. முதலில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவளுக்கு, ராணுவம் கழித்து ஏலம் விட்ட ஒரு பழைய ஜீப்பை அப்பா வாங்கிக் கொடுத்தார். கிளம்பும்போது இரண்டு துள்ளுத் துள்ளிவிட்டுத்தான் ஓடத் தொடங்கும் என்பதால் எங்கள் தெருப் பிள்ளைகள் அதற்குத் ‘தவக்களை’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அப்பா ஆரோக்கியம் மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். ஜீப்பைப் பிரித்துக் கட்டி ஓடவைத்தவர் அவர் மட்டுமல்ல, பூந்தமல்லியில் ஷெட் வைத்திருந்த யூசுப் பாயும்தான். இரண்டு பேரும் பதினெட்டு வயதில் ஒரே பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருவரையொருவர் ‘மாமே’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அதோடு தவறாமல் ஒரு ‘டா’வும் சேரும். எனக்கு அவர் யூசுப் மாமா.

அந்த ஜீப்புக்கு இருந்தவை மூன்றே கியர்கள். மேட்டிலும் சேற்றிலும் யானை மாதிரி ஏறும். தார் ரோட்டில் கொஞ்சம் வேகமாகப் போனால் என்ஜின் தலைதெறிக்கக் கத்தும். திருவள்ளூர் வரைக்கும் ஓட்டிவிட்டு வந்தால் அம்மாவுக்கு இரவு முழுக்கக் காதுக்குள் இரைச்சல் கேட்குமாம். இதைக் கேட்ட யூசுப் மாமா புதுப்பேட்டை முழுக்க அலைந்து, ஒரு காயலான் கடையில் தேங்காய்ப் பருமனுக்கு ஒரு இரும்புப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதுதான் ஓவர்டிரைவ். கியர் பாக்ஸுக்குப் பின்னால் அதைப் பூட்டி, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டைக் கம்பியை நட்டார். கம்பியைப் பின்னால் இழுத்தால் என்ஜின் மெதுவாகச் சுற்றும், சக்கரம் மட்டும் அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். முதல் நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த அம்மா, வண்டிக்கும் மூச்சுவிட ஒரு வழி கிடைத்தது என்று சொல்லி, அதற்கு ‘இளைப்பாறி’ என்று பெயரிட்டாள். அந்தக் கம்பியை நான் தொடவே கூடாது என்பது அப்பாவின் கட்டளை.

பன்னிரண்டு வயதில் ஒரு கட்டளைக்கு என்ன மதிப்பு இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்த ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, அம்மாவைப் போல உதட்டைக் கடித்துக்கொண்டு, அந்தக் கம்பியை முன்னும் பின்னுமாக ஏழெட்டு முறை இழுத்துத் தள்ளினேன். கடைசி முறை அது ‘டொக்’ என்று எங்கோ இடித்துக்கொண்டு நின்றது. இறங்கி ஓடிவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு நாளைக்குள் ஜீப்பின் அடியிலிருந்து ஒரு மெல்லிய ஊளைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா, புதுச் சாமான் பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். வீட்டில் தனியாக விட மனமில்லாமல் அம்மா என்னையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தாள். மதியம் மூன்று மணி இருக்கும், சூளையில் வேலை செய்த வள்ளி என்ற பெண்ணைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். விடியற்காலையிலிருந்து வலி. குழந்தை குறுக்கே திரும்பியிருக்கிறது, இங்கே வைத்துப் பார்க்க முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும் என்றாள் அம்மா. ஜீப்பின் பின்பக்கம் பாயை விரித்து வள்ளியைப் படுக்கவைத்து, தலைமாட்டில் அவளுடைய மாமியாரும் கால்மாட்டில் நானுமாகக் கிளம்பினோம்.

ஏரியை ஒட்டிய நேர்ச் சாலைக்கு வந்ததும் அம்மா குட்டைக் கம்பியை இழுத்தாள். ஊளை நின்றது. அப்பாடா என்று நான் நினைப்பதற்குள் அடியில் இரும்பை இரும்பு கடித்து நொறுக்குகிற சத்தம் கேட்டது. பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ள, வண்டி ஈர ரோட்டில் ஒரு பக்கமாக இழுத்துப் போய் நின்றுவிட்டது. அம்மா கியரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அது சுவரில் அறைந்த ஆணியைப் போல நின்றது. வள்ளி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் நகங்கள் பதிந்த இடம் நான்கைந்து நாள் வரைக்கும் மறையவில்லை. அம்மா மழையில் இறங்கிச் சாலைக்கு நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றதும், செங்கல் இறக்கிவிட்டு வந்த ஒரு லாரி நின்றதும், அந்தச் சிவப்புத் தூளின் மேலேயே வள்ளியைக் கிடத்தியதும் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கின்றன. ஐந்து மணிக்கு அறுவை செய்து ஒரு பெண் குழந்தையை எடுத்தார்கள். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் இல்லை என்று டாக்டர் சொன்னதாக அம்மா பிறகு சொன்னாள்.

அன்று வீட்டுக்கு வந்த அப்பா, அம்மாவின் புடவையில் இருந்த இரத்தத்தையும் செங்கல் தூளையும் பார்த்தார். பயந்த மனிதனுக்குக் கோபம்தான் முதலில் வரும். பாய் கட்டின லட்சணம் இது, என் பெண்டாட்டியும் பிள்ளையும் ரோட்டில் செத்திருப்பார்கள் என்று ஆரம்பித்தவர், மறுநாள் தெருமுனை டீக்கடையில் சொன்னார், கம்பெனியில் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றவர்களிடமும் சொன்னார். பேச்சுக்குக் கால் முளைக்க எவ்வளவு நேரமாகும்? கம்பெனியில் அப்பாவோடு வேலை செய்த இரண்டு பேர் பூந்தமல்லி ஷெட்டில் பிரித்துப் போட்டிருந்த தங்கள் வண்டிகளைப் பாதியிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். யூசுப் மாமா எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் செய்யாத தப்புக்கு அவர் பெயர் கெட்டுக்கொண்டிருக்கிறது, அந்தத் தப்பைச் செய்த கை என்னுடையது என்று நான் உறுதியாக நம்பினேன். அம்மாவிடம் சொல்ல இரண்டு முறை போய், உப்பு எங்கே என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

ஜீப்பை அம்பத்தூரில் வேறொரு மெக்கானிக்கிடம் விடப்போவதாக அப்பா சொன்னபோது, அதுவரை பேசாமல் இருந்த அம்மா வாயைத் திறந்தாள். “கட்டனவர் கையாலயே பிரிக்கட்டும். நீங்களும் வந்து பக்கத்துல நில்லுங்க.” அப்பா என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமை காலை ஒரு டிராக்டரில் கயிறு கட்டி ஜீப்பைப் பூந்தமல்லிக்கு இழுத்துக்கொண்டு போனோம்.

ஷெட்டில் வழக்கமாக ஐந்தாறு வண்டிகள் நிற்கும். அன்று ஒரு டெம்போ மட்டும்தான் நின்றது. யூசுப் மாமா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, அம்மாவைப் பார்த்து, “வா தங்கச்சி” என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, “வாங்க சார். உக்காருங்க” என்றார்.

யாரும் யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனால் அந்த ‘சார்’ விழுந்ததும் அப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். போட்டுவைத்த ஸ்டூலில் அவர் உட்காரவில்லை.

கியர் பாக்ஸின் அடியிலிருந்த அடைப்பைத் திறந்ததும் கறுப்பாக விழுந்த எண்ணெயில், மீன் செதிலைத் தூவியது போல இரும்புத் தூள் மின்னியது. அதை ஒரு தட்டில் பிடித்து யூசுப் மாமா விரலால் துழாவ, உடைந்த பற்கள் அரிசியில் கல் தட்டுப்படுவது போல ஒவ்வொன்றாக வந்தன. கியர் பாக்ஸின் மூடியைக் கழற்றியபோது உள்ளே இரண்டாவது கியரின் ஒரு பக்கம் முழுக்க மொட்டையாகிக் கிடந்தது. ஓவர்டிரைவுக்கும் கியர் பாக்ஸுக்கும் ஒரே எண்ணெய்தான், அங்கே நொறுங்கியது தண்டு வரும் வழியாக இங்கே விழுந்து அரைத்திருக்கிறது என்று அவர் அம்மாவுக்குச் சொன்னார். கடைசியாக ஓவர்டிரைவைத் தனியே இழுத்தார். அவ்வளவு எண்ணெய் வடிந்த வண்டியில் அதன் உள்பக்கம் மட்டும் காய்ந்து கிடந்தது. நடுத்தண்டு சூட்டில் நீலம் பூத்திருந்தது. பேரிங் பொடிப்பொடியாகக் கொட்டியது.

நான் அழுதுகொண்டே நாந்தான் அந்தக் கம்பியை இழுத்து ஆட்டினேன் என்று சொல்லிவிட்டேன். அப்பா என்னை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தார். யூசுப் மாமா எண்ணெய்க் கையோடு குறுக்கே வந்து நின்றார்.

“நிக்கிற வண்டியில நீ ஆட்டி ஒடையற சாமானா கண்ணு இது? எண்ணெ போவல. அதான் எரிஞ்சி கீது. வேற ஒண்ணும் இல்ல.”

எண்ணெய் ஏன் போகவில்லை என்று அவர் சொல்லவில்லை. ஓவர்டிரைவின் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பேக்கிங்கை, அதாவது இரண்டு இரும்புகளுக்கும் நடுவே எண்ணெய் ஒழுகாமலிருக்க வைக்கும் தடித்த அட்டையை, கத்தியால் மெதுவாக உரித்து ஒரு செய்தித்தாளின் மேல் வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனார். அவருக்கு அது என்னவென்று தெரிந்திருந்தது. அவர் வெட்டிய பேக்கிங் அல்ல அது. சொல்லியிருந்தால் அந்த நிமிடமே அவர் மேலிருந்த பழி நீங்கியிருக்கும்.

அப்பா குனிந்து அதை எடுத்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். போல்ட்டுகளுக்கான துளைகள் எல்லாம் சுத்தமாக, அளவாக இருந்தன. அவற்றோடு, எண்ணெய் உள்ளே போய் வருவதற்கென்று பட்டாணி அளவுக்கு ஒரு துளை இருந்திருக்க வேண்டும். அது இல்லை. மூன்று வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் ஞானோபதேச வகுப்புக்குப் போயிருந்த நேரத்தில், வண்டியின் அடியில் இரண்டு சொட்டு எண்ணெய் நிற்பதைப் பார்த்த அப்பா, இதற்காகப் பூந்தமல்லி வரை போவானேன் என்று தானே ஓவர்டிரைவைக் கழற்றி, கம்பெனியிலிருந்து கொண்டுவந்த அட்டையில் புதுப் பேக்கிங் வெட்டி வைத்துப் பூட்டியிருக்கிறார்.

யூசுப் மாமா திரும்பி வரும்வரை அப்பா அதைக் கையிலேயே வைத்திருந்தார். “இது நான் வெட்னது மாமே” என்றார். இன்னொரு முறை சொன்னார். யூசுப் மாமா தலையை மட்டும் ஆட்டிவிட்டு, “சரி, ஆவவேண்டியதப் பாக்கலாம் சார்” என்றார்.

அன்று திரும்பும் பஸ்ஸில் அப்பா, வள்ளியும் அந்தக் குழந்தையும் செத்துப்போயிருந்தால் அது தன் கையால் செத்ததாகத்தானே ஆகும் என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா ஆறுதல் சொல்லவில்லை. எங்கெங்கே போய்ப் பாயைச் சொன்னீர்களோ அங்கெல்லாம் போய் இதையும் சொல்லிவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னாள். அவர் போனார். டீக்கடையில் சொன்னார். கம்பெனியில் சொன்னபோது ஃபிட்டருக்கே பேக்கிங் வெட்டத் தெரியவில்லையா என்று சிரித்தார்களாம், அந்தச் சிரிப்பு பல வருஷம் அவர் பின்னாலேயே வந்தது. வெள்ளானூருக்குப் போய் வள்ளியின் புருஷனிடம் சொன்னபோது, அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் இவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாராம். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது என்றார் அப்பா.

ஜீப்பைக் கட்டி முடிக்க ஆறு வாரம் ஆனது. அப்பா ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் பூந்தமல்லிக்குப் போய்விடுவார். இரண்டாவது கியரைப் புதுப்பேட்டையில் தேடிப் பிடித்தார்கள். ஓவர்டிரைவுக்குத் தண்டையும் அது சுழல்கிற புஷ்ஷையும் அப்பா தன் கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு லேத்தில் நின்று கடைந்து வாங்கினார். பேக்கிங்கை மட்டும் யூசுப் மாமா அவரிடம் கொடுத்து, நீங்களே வெட்டுங்க என்றாராம். அது தண்டனையா மன்னிப்பா என்று அப்பாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. வண்டி தயாரானது, ஊளை இல்லாமல் ஓடியது, ஷெட்டுக்குப் பழையபடி வண்டிகள் வர ஆரம்பித்தன. ‘சார்’ மட்டும் போகவில்லை. ரம்ஜான் வந்தது, பிரியாணி வந்தது, கொண்டுவந்த பையன் சாருக்குக் கொடுக்கச் சொன்னார் என்று சொல்லிவிட்டுப் போனான். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் கேக் எடுத்துக்கொண்டு போனபோதும் வாங்க சார்தான். மறு வருஷம் கோடையில், என்ன காரணமென்று யாருக்கும் தெரியாது, ஸ்பேனரை எடுத்துக்கொடுக்கத் தாமதமானதற்கு, “இன்னாடா தூங்குறியா?” என்று யூசுப் மாமா ஜீப்பின் அடியிலிருந்து அதட்டினார். அப்பா வீட்டுக்கு வந்து அதை அம்மாவிடம் மூன்று முறை சொன்னார்.

அம்மா ஓய்வு பெற்ற வருஷம் ஜீப்பை விற்றோம். அப்பா இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அடுத்த ஆண்டே யூசுப் மாமாவும் போய்விட்டார். ஷெட் இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடிக் கட்டடத்தில் கண்ணாடி போட்ட செல்போன் கடை. வெள்ளானூரில் சூளைகள் இல்லை. அன்று வண்டி நின்ற இடத்தை இரு பக்கமும் வீட்டு மனைகள் மூடிவிட்டன. வள்ளியைப் போன்ற ஒருத்திக்கு இன்று வலி வந்தால் போன் செய்த சிறிது நேரத்தில் ஆம்புலன்ஸ் வருகிறது. அந்த ஒரு விஷயத்தில் பழைய காலம் திரும்ப வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

போன மாதம் ஏதோ பேச்சில் அம்மாவிடம் அந்த சனிக்கிழமையைப் பற்றிக் கேட்டேன். அவளுக்கு வயது எண்பதை நெருங்குகிறது, காது கொஞ்சம் மந்தம். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வண்டியைப் பிரித்தது அவளுக்குத் தெரியுமா என்று இரண்டு முறை உரக்கக் கேட்க வேண்டியிருந்தது.

“நான்தானடி கத்திரிக்கோல் எடுத்துக் குடுத்தேன்” என்றாள்.

அப்படியானால் அப்பா ஊரெல்லாம் பேசிக்கொண்டு திரிந்த அந்த ஒரு வாரமும் ஏன் சொல்லவில்லை என்றேன்.

“நான் சொல்லியிருந்தா என்கூட சண்ட போட்டிருப்பாரு. அவரே கையில எடுத்துப் பாக்கட்டும்னு இருந்தேன். பாயிக்குத்தான் அந்த ஒரு வாரம் பாவம். எனக்குத் தெரிஞ்சிருந்தத நான் பாயிகிட்ட கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல.”