பழையது மேலே, புதியது கீழே

போன செவ்வாய்க்கிழமை எங்கள் எஸ்டேட் மேனேஜர் என் மேசையைத் தாண்டிப் போய், ஷாலினியின் கம்ப்யூட்டர் முன்னால் நின்றார். நின்றார் என்றால்… ரசித்துக்கொண்டு நின்றார்.

"என்னாம்மா இது, பாத்தவொடனே புரியுதே!"

ஃபைல்கள் தெரியும் ஒரு ஜன்னலைப் பார்த்து ஒரு மனிதர் இவ்வளவு பூரிக்க முடியுமா? முடிகிறது.

மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்ட ஆபீஸில், கம்ப்யூட்டர் டிப்ளமோவோடு நான் உட்கார்ந்திருக்கிறேன். ஷாலினி ஈப்போவிலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. மூன்று டிவிஷன்களின் கம்ப்யூட்டர் வேலையையும் இனி ஒரே ஆளிடம் கொடுக்கப்போகிறார்கள். நானா, அவளா? மேனேஜர் இந்த மாதத்துக்குள் சொல்லவேண்டும்.

என் ஜன்னல் எப்படி இருக்கும் தெரியுமா? இடப்பக்கம் எல்லா ஃபோல்டர்களும் கிளை கிளையாக. வலப்பக்கம் ஃபைலைத் திறக்காமலே பார்க்க ஒரு பகுதி. நடுவில் பெயர், தேதி, வகை, அளவு — ஒவ்வொன்றின் அகலத்தையும் நானே இழுத்துச் சரிசெய்தது.

ஷாலினி தன் கம்ப்யூட்டரில் இதையெல்லாம் மூடிவிட்டாள். பெயர், தேதி. அவ்வளவுதான்.

எங்களிடம் ஒவ்வொரு தேயிலை ஃபீல்டுக்கும் ஒரு ஃபோல்டர் உண்டு. கொழுந்து பறித்த அன்று, ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி அனுப்பும் எடைச்சீட்டுப் படத்தை அதில் போடுவோம். உடனே அந்த ஃபோல்டரின் தேதியும் மாறிவிடும். எல்லோரையும் போல நான் புதியதை மேலே வைத்திருந்தேன். அவள் தேதி என்ற தலைப்பை இன்னொரு முறை அழுத்தினாள். பழையது மேலே வந்துவிட்டது. அதாவது, பறித்து ரொம்ப நாளான ஃபீல்டு முதல் வரியில்! இன்றைக்கு ஆட்களை எங்கே அனுப்புவது? முதல் வரியைப் பார்த்தால் போதும்.

ஒரே ஒரு கிளிக். அது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

கங்காணி முனியாண்டி அண்ணன் வேறு எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, நீ வச்சிருந்தது ஏரோப்ளேன் ஓட்டுற எடம் மாதிரி லா. இது கண்ணாடி போடாமயே தெரியுது."

சிரித்தேன். பற்கள் மட்டும்தான் சிரித்தன.

பொறாமைக்காரர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு — ரொம்பக் கூர்ந்து கவனிப்போம். புதன்கிழமை மாலை ஷாலினியின் முதல் வரியில் இருந்தது ஒன்பதாம் ஃபீல்டு. வியாழன் காலை அது கடைசி வரியில் கிடந்தது. யாரும் அங்கே பறிக்கவில்லையே?

புரிந்துவிட்டது. முந்தின நாள் மழையில் அந்த ஃபீல்டு பாதையோரம் கொஞ்சம் மண் சரிந்திருந்தது. ஃபீல்டு கணக்கு எழுதும் கிராணி அந்தப் படத்தை அதே ஃபோல்டரில் போட்டிருக்கிறார். உள்ளே புதுப் படம் வந்ததும் தேதி மாறி, பறித்து முடித்த ஃபீல்டு போல அது கீழே இறங்கிவிட்டது.

ஒன்பதை விட்டுவிட்டால் அடுத்த பறிப்புச் சுற்றுக்குள் இலை முற்றிவிடும். ஃபேக்டரியில் கத்துவார்கள். யார் செட்டிங் என்று கேட்பார்கள். அப்புறம் மூன்று டிவிஷன்களும்…

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அதற்கு ஒரு கிளிக் கூடத் தேவையில்லை.

வெளியே லோரி உறுமியது. இப்போது முதல் வரிக்கு வந்திருந்த வேறு ஃபீல்டுக்கு ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். இலை முற்றினால் முதல் திட்டு முனியாண்டி அண்ணனுக்குத்தான். ஏரோப்ளேன் என்று சொன்னவர்தான். அதற்காக?

"ஷாலினி, ஒம்போதாம் நம்பர் எங்க இருக்கு பாரு."

"நேத்து மேலதானே அக்கா இருந்துச்சு… ஐயோ! எப்படிக்கா கீழ போச்சு?"

"மண்ணு சரிஞ்ச படத்த உள்ள போட்டிருக்காங்க. தேதி மாறிருச்சு. மொதல்ல லோரிய நிப்பாட்டு!"

செருப்புகூடப் போடாமல் ஓடினாள். லோரி திரும்பி ஒன்பதாம் ஃபீல்டுக்குப் போனது. மற்ற படங்களுக்கெல்லாம் தனி ஃபோல்டர் ஒன்றை இருவரும் சேர்ந்து போட்டோம்.

மறுநாள் மேனேஜர் வந்ததும், அத்தனை பேர் முன்னால் ஷாலினி எழுந்து நின்றாள்.

"சார், தப்பு என் செட்டிங்லதான். எனக்குத் தெரியவே இல்ல. அக்காதான் கண்டுபிடிச்சாங்க."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மேனேஜர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "வெரி குட்." பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"தன் தப்ப தானே சொல்ற ஆளு கெடைக்கிறது கஷ்டம்மா. மூணு டிவிஷனையும் இனிமே நீயே பாத்துக்க."

நீங்களே சொல்லுங்கள். அவள் என்னைப் பாராட்டினாள்… அதற்கு அவளுக்குப் பதவி! அவள் ஏதாவது சூழ்ச்சி செய்திருந்தால்கூடத் திட்டித் தீர்த்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள். கெட்டவர்கள் மேல் படும் பொறாமையில் ஒரு சுகம் உண்டு. நல்லவர்கள் மேல் படும் பொறாமையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஷாலினிக்கு விருந்து என்று ஆபீஸில் முடிவானது. பிரிஞ்சாங் டவுனுக்குப் போய்க் கேக் சொல்லிவிட்டு வரும் பொறுப்பு என் தலையில். அவளுக்கு டுரியான் பழத்தின் வாசனையே ஆகாது.

"என்ன ஃபிளேவர்? சாக்லேட்டா, டுரியானா?" என்று கடைக்காரர் கேட்டார். 'சாக்லேட்' என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.