பெடாஸில் நான் குடிவைத்தவர்

லிங்கி ஆற்றுக் கதைகளைச் சொல்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கொரு மண்டைக்கனம் இருந்தது. மலேசியத் தமிழ்ப்பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்று நீலாய் நகரில் குடியேறிய பிறகு அது இன்னும் கூடிவிட்டது. நாங்கள் பிறந்த தோட்டத்தில் ரப்பர் பால்மரம் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனையும் போய், இப்போது வீடுகள் எழும்புகின்றன. கோயில் மட்டும் மிச்சம். வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு எல்லோரும் கூடுவோம். அன்னதானச் சோறு வேகும் வரை சனங்களை உட்கார வைக்க யாராவது பேச வேண்டும். அந்த மைக் என்னிடம்தான் வரும்.

ஆற்றுவழியே படகில் வந்து காடு வெட்டிய முதல் ஆட்கள், வெட்டுப்பட்டுச் செத்த கங்காணி, ஜப்பான்காரன் காலம் என்று ஒவ்வொன்றாக எடுத்துவிடுவேன். கூட்டம் விரும்பிக் கேட்பது கிரீடத் திருடன் கதையைத்தான். போனவர்கள் பலர் திரும்பி வராத சயாம் காட்டு ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க ஜப்பான்காரன் லோரி வந்த அன்று, அம்மனின் வெள்ளிக் கிரீடம் காணாமல் போனது. அதே நாளில் பால்வெட்டுக்காரர் ஒருவரையும் காணவில்லை. கிரீடத்தோடு ஆற்றை நீந்திப் போய்விட்டார் என்பது தோட்டத்து முடிவு. நானும் வேட்டியை மடித்துக் கட்டி, நீந்திக் காட்டி, சிரிக்க வைப்பேன்.

போன திருவிழாவில் குழம்பு இறங்கத் தாமதமாயிற்று. கதை முடிந்தும் சோறு வரவில்லை. கையில் மைக் இருக்கும்போது வாய் சும்மா இருக்குமா? அக்கரை ஏறியவர் பெடாஸ் என்ற ஊருக்குப் போய், கிரீடத்தை உருக்கி விற்று, மளிகைக்கடை வைத்து, இன்னொருத்தியைக் கட்டி, இரண்டு பிள்ளை பெற்று, பேரன் பேத்தி எடுத்து, சாகும்வரை சௌக்கியமாக இருந்தார் என்று நீட்டிவிட்டேன். அத்தனையும் அந்த நிமிடத்தில் என் வாயில் பிறந்தவை. யாரோ கைப்பேசியில் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். பாராட்டு குவிந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எண்பதைத் தாண்டிய அம்மாள் ஒருவர் பேத்தியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அந்தப் பால்வெட்டுக்காரரின் மகள். அப்பா காணாமல் போனபோது அவர் கைக்குழந்தை.

“ஜப்பான்காரன் லோரியிலதான் ஏத்திட்டுப் போனான்னு எங்கம்மா சொல்லிச்சி சார். யாரும் நம்பல. திருடன் பொண்டாட்டின்னு ஒரு வீட்லயும் சேக்கல. நாலு மாசத்துக்கு முன்ன பேத்தி ஒங்க பேச்சப் போட்டுக் காட்டுனா. நான் கோவமா வரல. நீங்க சொன்ன அந்த ரெண்டு புள்ளைங்களும் என் கூடப் பொறந்தவங்கதானே. ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன். பெடாஸ்ல எந்த எடம்?”

கையிலிருந்த பையில் புதுச் சேலை ஒன்றும் பூப்போட்ட பாத்தேக் சட்டை ஒன்றும் இருந்தன. தம்பியோ தங்கையோ தெரியாதே என்று ரெண்டும் வாங்கியிருக்கிறேன் என்றார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ‘அம்மா, அது நான் விட்ட கதை’ என்றால் தீர்ந்தது. பொய் சொல்லாதே என்று பிள்ளைகளிடம் வருடக்கணக்கில் பிரம்பெடுத்தவன் நான். “கேள்விப்பட்டதுதாம்மா, சரியா எடம் தெரியல” என்று இன்னொரு பொய்யைச் சொல்லி, அவர்களை என் காரிலேயே ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அங்கே யாரைக் கேட்டாலும் தெரியாது என்பார்கள், அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய கோழை நான்.

பெடாஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் விசாரித்தோம். தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்தார்.

“ஆத்த நீந்தி வந்தவருதானே? இருந்தாரு லா. மளிகைக்கட வச்சிருந்தாரு. புள்ளைங்க கடைய வித்துட்டுப் போயிட்டாங்க. சிரம்பான் பக்கம்னு கேள்வி.”

அவரைப் பார்த்தால் பொய்யராகத் தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் கேட்டதை ஊரில் கேட்டதாக நினைத்திருக்கலாம். உதவும் ஆசையில் சிரம்பானைத் தானாகச் சேர்த்தும் இருக்கலாம். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். “சிரம்பான்ல எங்க?” என்று கேட்ட அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

கடை வாசலுக்கு அழைத்துப் போய்ச் சொன்னேன். மளிகைக்கடை, கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் நான் சேர்த்தவை என்று. பேத்தி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை. அம்மாள் நிதானமாகத்தான் கேட்டார்.

“கிரீடம்? அதுவும் நீங்க சேத்ததா?”

“இல்லம்மா. அது பெரியவங்க சொல்லிக் கேட்டது.”

“எங்கப்பா எடுத்தத யாரு பாத்தா?”

எத்தனையோ வருடமாக இந்தக் கதையைச் சொல்லிவந்திருக்கிறேன். அந்தக் கேள்வியை ஒரு தடவையாவது நான் யாரிடமும் கேட்டதில்லை. “தெரியாதும்மா” என்றேன்.

மறுநாள் காலை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். கிரீடத்தை அவர் எடுத்ததற்குச் சாட்சி கிடையாது, அவரை ஜப்பான்காரன் பிடித்துப் போயிருக்கலாம், பெடாஸ் சமாச்சாரம் முழுக்க என் புளுகு, எல்லோரும் மன்னிக்க வேண்டும் என்று எழுதினேன். “செம டுவிஸ்ட் சார்” என்று ஒருவர் பதில் போட்டார். கைதட்டும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

எழுதிவிட்டேன் என்று சொல்ல அம்மாளுக்குப் போன் செய்தேன். நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது.

“பேத்தி படிச்சிக் காட்டுச்சி சார். எங்கம்மாவுக்காக அது நல்லதுதான்” என்றார். பிறகு அவரே தொடர்ந்தார். “இந்த நாலு மாசமா எங்கப்பா கெழவனாயி, பேரப்புள்ளைங்களத் தூக்கிக் கொஞ்சிட்டு, கட்டில்ல படுத்துச் செத்தாருன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். திருடனாவே இருந்துட்டுப் போவட்டும்னு கூடத் தோணுச்சி. இப்ப மறுபடியும் சயாம் காட்டுல கெடக்குறாரு.”