மெல்ஹர்ஸ்ட் ஜமீனும் நானும்

நான் பாஸ்கரன். திருச்சிக்காரன். மங்கரேயில் ஒரு சரக்கு நிறுவனத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது வேலை. பக்கத்தில் பாட்டனி டவுன்ஸில் சின்னதாக ஒரு வீடு. இங்கிருந்து இங்கிலாந்து உலகத்தின் மறுகோடி. இப்படிப்பட்டவனுக்கு இங்கிலாந்து ஜமீன் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் எங்கள் தெருவின் பெயர்.

தெரு, மெல்ஹர்ஸ்ட் பிளேஸ். அடுத்த தெரு ஓக்டன், அதற்கடுத்தது கிரேபரி. மூன்றும் இங்கிலாந்தில் மெல்ஹர்ஸ்ட் என்ற ஒரே குடும்பத்தின் ஜமீன்களாக இருந்தவை என்று மழை விடாத ஒரு விடுமுறையில் இணையத்தில் கண்டுபிடித்தேன். மனை விற்றவர்கள் ஏதோ ஒரு பெயர் வேண்டுமே என்று வைத்திருப்பார்கள். எனக்கு மட்டும் அது சொந்த விஷயமாகிவிட்டது.

அரசனுக்காகப் போரிட்டு நிலம் பெற்றார்கள். ஆடு வளர்த்துப் பெருத்தார்கள். வாரிசு ஒருவன் ஓக்டனைச் சீட்டாட்டத்தில் தோற்றான். கடைசியில் மெல்ஹர்ஸ்ட் மாளிகை கல்யாண மண்டபமானது. நண்பர்கள் வீட்டு விருந்துகளில் நான் இதை ஆரம்பித்தால் ஆட்கள் தட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்கள். நாளடைவில் என் பேச்சில் 'அவர்கள்' போய் 'நாங்கள்' வந்துவிட்டது.

"உங்க கொள்ளுத்தாத்தா பேரு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள் என் மனைவி தமயந்தி.

"தெரியாது. அவர் இணையத்துல இல்ல."

போன வருடம் வெந்நீர்த் தொட்டி ஒழுகியது. சரிசெய்ய வந்தவரின் சட்டையில் 'டேரன் மெல்ஹர்ஸ்ட்' என்றிருந்தது. அவர் தொட்டிக்கு அடியில் படுத்திருந்தார், ஓட முடியாது. முழு வம்சத்தையும் சொல்லி முடித்தேன்.

"எங்கள் வீட்டில் யாருக்கும் இதெல்லாம் தெரியாது" என்றார் டேரன், வெளியே வந்து. "என் அத்தை ஜோனுக்குத் தொண்ணூறு வயதாகிறது. பிறந்தநாள் விருந்துக்கு வந்து இதைச் சொல்வீர்களா?"

கோட்டு மாட்டிக்கொண்டேன். தமயந்தியும் கிளம்பினாள். "நீங்க அசிங்கப்படுறப்ப பக்கத்துல ஒரு ஆள் வேணாமா?"

அரங்கு நிறைய மெல்ஹர்ஸ்ட்கள். நான் பின்னி எடுத்தேன். குறிப்பாக சர் ரோஜர் மெல்ஹர்ஸ்ட் பற்றிச் சொல்லும்போது குரலே மாறியது. ஆடு மேய்க்க இடம் வேண்டும் என்று ஒரு கிராமத்தையே காலி செய்தவர் அவர். 'தொலைநோக்கு உள்ளவர்' என்றேன். கைதட்டினார்கள்.

ஜோன் மைக்கை வாங்கினார்.

"அழகாகப் பேசினீர்கள். ஆனால் நாங்கள் அந்தக் குடும்பம் இல்லை. மெல்ஹர்ஸ்ட் ஊரை விட்டு வந்ததால் அந்த ஊர்ப் பெயர் எங்களுக்கு ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். ரோஜர் காலி செய்தாரே, அந்த வீடுகளில் இருந்தவர்கள் நாங்கள். என் அப்பா சொல்லியிருக்கிறார்."

தமயந்தி கேக்கையே உற்றுப் பார்த்தாள். துரத்தப்பட்டவர்களின் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, துரத்தியவனை நான் அரைமணி நேரம் புகழ்ந்திருக்கிறேன். கோட்டுக்குள் வியர்த்தது. மன்னிப்புக் கேட்டேன்.

"துரத்தியது நீங்கள் இல்லையே" என்றார் ஜோன். "ஆனால் 'நாங்கள், நாங்கள்' என்றீர்கள். அவர்களுக்கு நீங்கள் என்ன உறவு?"

"அந்தத் தெருவில் குடியிருக்கிறேன்" என்றேன்.

முதலில் டேரன் சிரித்தார், பிறகு அரங்கே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் ஜோன் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "அந்தச் சீட்டாட்டத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்கள். அவசரப்படாமல்."

சொன்னேன். ஓக்டன் கைமாறிய இடத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். "தோற்றபோது அவன் முகம் எப்படி இருந்தது?" என்று கேட்டார். எந்த இணையதளத்திலும் அது இல்லை. கைவசம் என் முகம் இருந்தது, அப்போதுதான் புதிதாக அசிங்கப்பட்ட முகம். அதை வைத்து வர்ணித்தேன். நன்றாக வந்தது.

இப்போது சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் பார்க்கப் போகிறேன். அவருக்கு மெல்ஹர்ஸ்ட்களின் வெற்றிகள் வேண்டாம், சரிவுகள் மட்டும் போதும். தோற்ற வழக்குகள், ஓடிப்போன மணமகள்கள் என்று தேடிக்கொண்டு போகிறேன். போன வாரம் கிரேபரி மாளிகையின் கூரை புயலில் பறந்ததைச் சொன்னேன். அவர் எழுந்துபோய் எனக்கு இன்னொரு கோப்பை தேநீர் போட்டுவந்தார்.