ஃபிளிண்டர்ஸ் மலையில் ஒரு மதியச் சாப்பாடு

மலைகளைப் பார்த்தால் மனம் தேறும் என்று என் கணவருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். சொன்னவர் பிள்ளையைப் பறிகொடுத்தவர் அல்ல என்பது மட்டும் நிச்சயம்.

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்ணுக்கு வந்து இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. ஐந்து மாதம்கூட நிறையாத எங்கள் மகள் அந்தக் குளிர்காலத்தில் நெஞ்சுச் சளியால் இறந்துபோனாள். எரிப்பதா புதைப்பதா என்று இறுதிச்சடங்கு செய்பவர்கள் கேட்டபோது, பல் முளைக்காத பிள்ளையை எங்கள் ஆட்கள் எரிப்பதில்லை என்று கணவர் சொன்னார். ஊர் வழக்கம் அதுதான். நானும் தலையாட்டினேன். நகரின் ஓரத்து மயானத்தில் புதைத்தோம். ஞாயிறு தோறும் பஸ் எடுத்துப் போவேன்.

அதை நிறுத்தத்தான் இந்தப் பயணம் என்று நினைத்துக்கொண்டு காரில் ஏறினேன். ஆளில்லாத நேர்ரோட்டில் இரண்டு நாள் ஓட்டம். பிறகு மலைகள் வந்தன. சிவப்பு, மஞ்சள், கத்தரிப்பூ நிறம். அழுகிற பிள்ளைக்கு வாழைப்பழம் காட்டுவதுபோல அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

“அங்கை பாரும், என்ன நிறம்.”

அழகாகத்தான் இருந்தது. அந்த அழகின்மேல் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மதியம் ஒரு யூக்கலிப்டஸ் மரத்தடியில் காரை நிறுத்தினார். கோதுமை மாப் பிட்டும் காய்ந்த தேங்காய்ப்பூவில் இடித்த சம்பலும் காலையில் தங்கிய இடத்தில் செய்து கட்டிக்கொண்டு வந்திருந்தேன். ஈக்கள் விடவில்லை. பாதிச் சாப்பாட்டில், பிட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

“கொழும்பிலை வேலை சரிவந்திட்டுது. தையிலை போவம்.”

“பிள்ளை?”

பிட்டில் மொய்த்த ஈக்களைக் கையால் விரட்டினார். உச்சி வெயிலில் மலையின் சிவப்பு மங்கிப்போயிருந்தது.

“எரிச்சிருந்தா சாம்பலையாவது கொண்டுபோயிருக்கலாம்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அவர் கண்கள் நிறைந்திருந்ததைப் பார்த்ததும் திட்ட வாய் வரவில்லை. அவரும் அவளை அந்த மயானத்து மண்ணுக்குள்தான் தேடிக்கொண்டிருந்தார். எங்களில் ஒருவருக்கும் வழி தெரியவில்லை.

“நீங்கள் போங்கோ. நான் நிக்கிறன்.”

“எவ்வளவு காலத்துக்கு?”

“அவளுக்கு ஒரு பல்லு முளைக்குமட்டும்.”

அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். வந்த ரோட்டாலேயே திரும்பினோம். மலைகளைப் பற்றி அதன்பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

தை மாதம் விமான நிலையத்தில், “போட்டு வாறன்” என்றார். “ஓம்” என்றேன். வரமாட்டார் என்பது இருவருக்கும் தெரியும். அவர் உள்ளே போனதும் வெளியே வந்து, அங்கிருந்து மயானத்துக்குப் போகும் பஸ் எங்கே நிற்கும் என்று விசாரித்தேன்.